குரல் பதிவு: 340 எம்பி

1

இந்தக் கதைக்குக் காரணம் ஓர் எண். என் மனைவி நாகவல்லியின் செல்போனில், எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும் பக்கத்தில், குரல் பதிவுச் செயலிக்கு நேராக அது இருந்தது: 340 எம்பி. அவள் போய் நாற்பது நாளாகிறது. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நான் மருந்து வாங்க மாடியிலிருந்து இறங்கிய நேரங்களில் எதையோ பேசிப் பதிந்திருக்கிறாள்; நர்ஸ் சொல்லித்தான் தெரியும். போனில் இடம் நிறைந்துவிட்டதால் அந்தச் செயலி திறந்த உடனே மூடிக்கொள்கிறது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'தமிழரசு துணிந்து பொத்தானை அழுத்தினான். அவன் கண்களில்...' அதோடு நிறுத்திவிட்டேன்.

தமிழரசு, எனக்குப் பதிலாக நான் உண்டாக்கியவன். அவனுக்குப் பயமே இல்லை. அவனைக் கதையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டேன்.

3

அம்பத்தூரில் செல்போன் கடை வைத்திருக்கும் கிஷோரிடம் காட்டினேன்.

"இது போனோட வந்த ஆப்பு அண்ணாத்தே. தூக்க முடியாது, தூக்கினாலும் இடம் வராது, அது சிஸ்டம் கணக்குல கீது. இந்த 340 முச்சூடும் அண்ணி பேசுனது. 'முடக்கு'ன்னு கீது பாரு, அத்த மட்டும் தொட்டுடாத. ஆப்பு அங்கியே இருக்கும், அண்ணி பேச்சு பூடும்."

வேறு எதையாவது அழித்து இடம் பண்ணச் சொன்னான்.

4

எங்கள் கல்யாணப் படங்களை அழித்தேன். நகல் எடுக்கத் தோன்றவில்லை. இரண்டு ஜிபி காலியானது. டீ போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் மறுபடி நிறைந்திருந்தது. போனோடு வந்த செயலிகள், நாங்கள் ஒருநாளும் திறக்காதவை, தாமாகவே புதுப்பித்துக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தன. எது எவ்வளவு தின்றது என்று போன் சொல்லவில்லை. 'சிஸ்டம்: 19 ஜிபி' என்று ஒரே வரி. அதற்குள் போய்ப் பார்க்க வழியில்லை.

"நெட்டை நிறுத்திட்டு அழின்னு சொன்னேனா இல்லியா?" என்றான் கிஷோர், நான் மறுபடி கடைக்குப் போனதும்.

(மூன்றாம் பகுதியில் அவன் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பகுதியை எழுதியவன் நான்.)

5

மிச்சமிருந்த வீடியோக்களை அவன் தன் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு, நெட்டை நிறுத்திவிட்டு இடம் பண்ணிக் கொடுத்தான். இப்போது செயலி திறக்குமாம். மூன்று நாளாக நான் திறக்கவில்லை.

அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது, சாதாரணக் காய்ச்சல்தானே என்று ஆஸ்பத்திரிக்குப் போவதைப் பத்து நாள் தள்ளிப்போட்டது நான். நான் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து அவள் ஏன் பேசவேண்டும்?

6

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் என்னை மன்னிக்கிறாள். இன்னொன்றில், "பத்து நாளுய்யா" என்கிறாள். இரண்டையும் அடித்துவிட்டேன். அவளுக்காக நான் ஒரு வரி எழுதினால், நாளைக்கு அதுதான் அவள் சொன்னது என்று ஆகிவிடும்.

ஆகவே கீழே வெறுமையாக விடுகிறேன். என்மேல் இரக்கப்பட்டு நீங்களும் எதையாவது எழுதிவிடாதீர்கள்.