ஒட்டடையின் கண்ணில் ஒரு சொட்டு

தடுப்பு மருந்து போடாத அறையில் இருந்த கோழிகளுக்கு வர வேண்டிய வெள்ளைக்கழிச்சல், அவற்றுக்குத் தீனி வைத்தவனுக்கு வந்தது. ஆள் உயரமும் ஒல்லியுமாக இருந்ததால் ஒட்டடைக்குச்சி என்பார்கள். நாளடைவில் குச்சி போய் ஒட்டடை மட்டும் மிஞ்சியது. கால்நடை ஆய்வுக்கூடத்தில் முதல் அறைக் கோழிகளின் கண்ணில் புது மருந்தை ஒரு சொட்டு விட்டிருந்தார்கள். இரண்டாம் அறைக்கு ஒன்றும் இல்லை. சில வாரம் கழித்து டாக்டரம்மா இரண்டு அறைகளுக்கும் நோய்க்கிருமியைக் கொடுத்தார். முதல் அறை பிழைத்து, இரண்டாம் அறை செத்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று சொல்ல முடியும். ஆனால் இரண்டாம் அறைக் கோழிகள் ஜம்மென்று தின்று, முட்டையும் இட்டுக்கொண்டிருந்தன. கிருமி செத்துவிட்டதோ என்று அதைக் கருவுள்ள முட்டைகளில் செலுத்திப் பார்த்தார், கருக்கள் மடிந்தன. கிருமியிடம் ஒரு குறையும் இல்லை. ஒட்டடைதான் வேலைக்கு வரவில்லை.

டாக்டரம்மா வீடு தேடிப் போனபோது அவன் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தான். கைகள் இறக்கைபோலத் தொங்கிவிட்டன. கழுத்து இடப்பக்கம் திருகிக்கொண்டதால், துணி தைக்கும் அவன் மனைவி தையல் மெஷினை அந்தப் பக்கமாக இழுத்துப் போட்டு, அவன் பார்வையில் படும்படி உட்கார்ந்து தைத்தாள். தொண்டையில் பஞ்சு தடவி எடுத்துப் பார்த்ததில் அதே கிருமி. என்ன செய்தாய் என்று டாக்டரம்மா கேட்டார்.

"நான் ஒண்ணும் பண்ணலீங்க மேடம். அந்த ரெண்டாம் ரூம் கோழிங்களுக்கு மட்டும் எதுவும் போடலியேன்னு பாவமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

தேறி வந்தவனை வாசல் காவலுக்கு மாற்றினார்கள். அடுத்த பரிசோதனையில் வேறொருவர் தீனி வைத்தார். கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒட்டடை வாசலிலேயே சுருண்டு விழுந்தான். இனிமேல் பாவம் பார்க்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். அவனும் மனதார முயன்றான். கோழிகளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கூடப் பார்த்தான். திட்டிவிட்டுப் போய்த் தண்ணீர் வைத்தான். மூன்றாம் முறை உடம்பு வற்றி, மனைவியையே அடையாளம் தெரியாமல் யாரென்று கேட்டான். அதற்குள் வெளியே கூண்டு கூண்டாகக் கோழிகள் செத்துக்கொண்டிருந்தன. நாலு கோழியை நம்பிப் பிழைப்பவர்கள் மருந்து எப்போது வரும் என்று வாசலில் வந்து நின்றார்கள்.

அவன் மறுபடி எழுந்து உட்கார்ந்த அன்று, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் அவன் மனைவி ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டாள்.

"மருந்து நல்ல மருந்துதானே டாக்டரம்மா?"

"நல்ல மருந்துதாம்மா. நிரூபிக்கத்தான் முடியல."

"அப்போ அவர் கண்ணுலயும் ஒரு சொட்டு விடுங்க."

"இது கோழிக்கானதும்மா. மனுஷங்களுக்கு விட்டா கண்ணு செவந்துடும்."

"செவக்கட்டும். எனக்கு அவர் வேணும்."

டாக்டரம்மா முதலில் தன் கண்ணில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டார். கண் சிவந்து, நீர் வடிந்து, சரியானது. பிறகுதான் அவன் கண்ணில் விட்டார். சில வாரம் கழித்து இரண்டு அறைகளுக்கும் கிருமியைக் கொடுத்த அன்று மனைவி தன் தையல் கடையைச் சாத்திவிட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அவன் தும்மியதும் பதறினாள், அது வீட்டிலிருந்த பஞ்சுத் தூசிக்கு வந்த தும்மல். அவன் இரண்டு வேளைக்கு மூன்று வேளையாகச் சாப்பிட்டான், பொழுது போகவில்லை என்று அலுத்துக்கொண்டான். அதைக் கேட்டதும் அவள் அழுதுவிட்டாள். இரண்டு அறைகளிலும் ஒரு கோழிகூடச் சாகவில்லை. மூன்று முறை விழுந்தவன் சொட்டு விட்ட பிறகு விழவில்லை என்பதை வைத்து மேலதிகாரிகள் கூடிப் பேசினார்கள். கோழிக்குப் பதில் மனிதனைக் கணக்கில் எடுக்க விதியில் இடமுண்டா என்று ஒருவர் கேட்டார். கூடாது என்று எங்கேயும் சொல்லவில்லை என்றார் இன்னொருவர். மருந்து வெளியே போனது. கூண்டுகளில் சாவு நின்றது.

ஒரு சொட்டு எத்தனை காலம் தாங்கும் என்று பார்க்க அதன் பிறகும் வருடா வருடம் பரிசோதனை நடந்தது. இரண்டாம் அறைக் கோழிகள் வயதாகித்தான் செத்தன. தேதி குறிக்கும் முன் டாக்டரம்மா தையல் கடைக்கு போன் செய்வது வழக்கமாகிவிட்டது. ஒரு வருடம் மறுமுனையில் அவள் தயங்கினாள்.

"அடுத்த மாசம் என் தங்கச்சிக்குக் கல்யாணம். அதுக்கப்புறம் வச்சுக்கலாமா?"

அதற்கென்ன என்று டாக்டரம்மா பரிசோதனையைத் தள்ளிவைத்தார். கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டும் வந்தார்.