பலூனில் ஏறிய மூச்சு

பொத்தான் கடைக்காரியின் மூச்சுக்கு வானிலை ஆய்வு மையம் போட்ட விலை நூற்றெண்பது ரூபாய், பலூனையும் சேர்த்து. மூச்சுக்கென்று பதிவேட்டில் தனிக் கட்டம் இல்லாததால் மையத்தின் ஸ்டோர்க்காரர் இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிட்டார். கடைத்தெருவில் கேட்டவர்கள் மலிவு என்றார்கள்.

அவள் கணவர் அந்த மையத்தில் புயல் கணிப்பவர். காலையும் மாலையும் ஹைட்ரஜன் நிரப்பிய பலூனில் சின்னக் கருவி ஒன்றைக் கட்டி மேலே விடுவார்கள். வெப்பம், ஈரம், காற்று என்று சொல்லிக்கொண்டே போய், உச்சியில் பலூன் வெடித்துக் கருவி விழும். பெரிய புயல் ஒன்று கரையை நோக்கி வந்த நாளில் சிலிண்டர் காலியாகிவிட்டது. சாப்பாடு கொண்டுவந்த மனைவியிடம் அவர் பலூனை நீட்டினார்.

“பொண்டாட்டி மூச்சைக்கூட விட்டுவைக்க மாட்டீங்களா?”

“நாள் முழுக்க பேரம் பேசுற வாய். உனக்கு இருக்குற தம் இங்க யாருக்கு இருக்கு?”

“ஊதுறேன். ஒரு வாரம் நீங்கதான் பாத்திரம் கழுவணும்.”

“ஒரு நாள்.”

“நீங்க சொன்னதும் வேணாம், நான் சொன்னதும் வேணாம். நடுவுல முடிச்சுக்கலாம். நாலு நாள்.”

வெயில் சாயும்வரை ஊதினாள். வாயால் ஊதிய பலூன் மேலே போகாது. இது போனது. மேலே போகப் போகக் குளிர வேண்டிய கருவி, முப்பத்தேழு டிகிரி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. புயல் தெற்கே போகும் என்பதற்கான காற்றுக் கணக்கையும் கூடவே சொன்னது. வெப்பம் பொய் என்றால் காற்றும் பொய்யாகத்தான் இருக்கும் என்று கணிப்பாளர் மொத்தத்தையும் தள்ளிவைத்தார்.

மீதி இருந்தவை இரண்டு கணினிகள். ஒன்று வடக்குத் துறைமுகம் என்றது, மற்றது தெற்குத் துறைமுகம் என்றது. அவர் நடுவில் முடித்தார். நடுவில் இருந்தது சொந்த ஊர். அதன்மேல் புயல் எச்சரிக்கைச் சிவப்புக் கோடு போட்டுவிட்டு, மனைவியாவது பத்திரமாக இருக்கட்டும் என்று தெற்கே அவள் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏற்றினார். “போயிட்டு வா” என்றார். புயலுக்குப் பேரம் தெரியாது. அது தெற்கே போய் அக்கா வீட்டுச் சுவரைச் சாய்த்தது. அக்கா பிழைத்தாள். தங்கை பிழைக்கவில்லை.

காரியங்கள் முடிந்தபின் நாலு நாள் அவர் வீட்டிலிருந்த பாத்திரங்களை எல்லாம் கழுவினார். யாரும் சமைத்திருக்கவில்லை.

பலூன் வெடிக்கவில்லை. இரண்டு மணி நேரம் தாங்கும் பேட்டரி வருஷக்கணக்காக ஓடியது. அதன்பின் வந்த ஒவ்வொரு புயலுக்குள்ளும் அது புகுந்து வந்தது. அந்தக் கரையில் கணிப்பு பிசகவில்லை, ஆளும் சாகவில்லை. கணிப்பாளர் பட்டினி கிடந்தால் வெப்பம் ஒரு டிகிரி ஏறும். “சார், தங்கச்சி இன்னிக்கு முப்பத்தெட்டு” என்று ஸ்டோர்க்காரர் எட்டிப் பார்த்துச் சொல்வார். “போய்ச் சாப்பிட்டு வாங்க, எனக்கும் பயமா இருக்கு.”

ஆனால் ஒவ்வொரு புயலிலும் பலூன் கொஞ்சம் சுருங்கியது. தேங்காய் அளவுக்கு வந்த வருஷம், முதல் புயலைவிடப் பெரியது ஒன்று கிளம்பியது. கணினிகள் பழையபடி வடக்கு, தெற்கு என்று சண்டை பிடித்தன. பலூன் மையத்தின் முற்றத்தில் கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கி வந்து நின்றது. கணிப்பாளர் நூலைப் பிடித்துக்கொண்டார்.

“வீட்டுக்குக் கொண்டு போயிடுங்க சார்” என்றார் ஸ்டோர்க்காரர். “தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக்கிறேன். இன்னொரு புயல் இது தாங்காது.”

“தெற்கா வடக்கான்னு அப்புறம் யார்கிட்ட கேப்பேன்?”

“ரெண்டு பக்கமும் சிவப்புக் கோடு போட்டுட்டுப் போங்களேன்.”

“ரெண்டு பக்கமும் போட்டா ரெண்டு பக்கமும் நம்ப மாட்டாங்க. கிளம்புறதுக்கு பஸ்ஸும் பத்தாது.”

நூலை வெகுநேரம் விடவில்லை. பிறகு, பஸ் நிலையத்தில் சொன்ன அதே குரலில், “போயிட்டு வா” என்றார்.

பலூன் தெற்கு என்றது. இந்த முறை அவர் பேரம் பேசவில்லை. தெற்குத் துறைமுகம் காலியானது. சுவர்கள் விழுந்தன, அடியில் யாரும் இல்லை.

மறுநாள் அது முற்றத்தில் இறங்கியபோது எலுமிச்சை அளவு இருந்தது. கருவி நின்றுபோயிருந்தது. கணிப்பாளர் முடிச்சை அவிழ்த்து, வாயில் வைத்து, உள்ளே இழுத்துக்கொண்டார். ஸ்டோர்க்காரர் வெறும் ரப்பரைக் கேட்டு வாங்கி வைத்தார்.

வருடாந்திரப் பரிசோதனையில் டாக்டர் அவர் மூச்சை எண்ணினார், திரும்பவும் எண்ணினார். உள்ளே போனது வெளியே வந்ததைவிட ஒன்று கூடுதலாகவே வந்தது.

“ஒண்ணு குறையுதே, எங்க விட்டீங்க?”

“விடலை டாக்டர்.”

டாக்டர் தலையாட்டி, உடல்நலம் நன்று என்று எழுதினார். ஊரும் கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டது. பாத்திரம் நாலு நாள், தீர்ந்தது. பலூன் ஒன்று, வரவு. மூச்சு ஒன்று, பாக்கி.