செலவு போட்ட ரசம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். “ஜோதிகாகிட்ட வாயக் குடுத்து மாட்டிக்காதீக” என்று என் அப்பாவே உசிலம்பட்டி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். ஆனால் அன்றைக்கு வந்த கோபத்துக்குக் காரணம் நானில்லை, என் மாமனார் லிங்கசாமி.

நானும் தங்கதுரையும் திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனி. அவர் கட்டிங், நான் செக்கிங். விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டோம். குண்டடத்தில் இருக்கும் அவருடைய அப்பாவும் அம்மாவும் கல்யாணத்துக்கு வரவில்லை. மாமியார் செல்லாத்தாள் இதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. மாமனார்தான் மெல்ல இறங்கி வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தார்.

“மத்தியானம் ஊட்டுக்கு வர்றேன் கண்ணு. சளி புடிச்சுக் கெடக்குது, கறி கிறியெல்லாம் வேண்டாம். செலவு நெறையாப் போட்டு ஒரு ரசம் வெச்சீன்னாப் போதும்.”

போனை வைத்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரசத்துக்கு என்ன பெரிய செலவு? மருமகள் கஞ்சப்பிசினாறி என்று யாரோ அவர் காதில் ஓதியிருக்க வேண்டும். தங்கதுரையைக் கேட்கலாமென்றால், அவர் ஷிப்மென்ட் அவசரமென்று கம்பெனிக்குப் போயிருந்தார். போனை எடுக்கவில்லை.

செலவுதானே, செய்து காட்டுகிறேன் என்று கடைக்குப் போனேன். நெய், முந்திரி, பாதாம் எல்லாம் வாங்கினேன். வெளியே கோபம், உள்ளே பயம். முதல் தடவையாக வருகிறார். என் வீட்டில் மனசாரக் கை நனைத்துவிட்டால் உறவு ஒட்டிக்கொள்ளும். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டால், அத்தை இந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார்.

முந்திரியையும் பாதாமையும் அரைத்து ஊற்றியதில் ரசம் பாயசத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஆகிவிட்டது. மேலே நெய் மிதந்தது.

மாமனார் வந்தார். துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார். முதலில் டம்ளரில் கொஞ்சம் கேட்டார். ஒரு வாய் குடித்ததும் கீழே வைத்துவிட்டார்.

“ஏங் கண்ணு, இதுல செலவே இல்லியே?”

அவ்வளவுதான், எனக்கு வாய் நிற்கவில்லை. “என்ன மாமா இப்படிச் சொல்றீக? முந்திரி, பாதாம், நெய்யின்னு கடையவே தூக்கியாந்து கொட்டியிருக்கேன். இதுக்கு மேல செலவுன்னா தங்கத்தத்தான் இழைச்சு ஊத்தணும்!”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். போச்சு, எல்லாம் போச்சு. அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்தும் சிரிப்பு நிற்கவில்லை.

“காசுச் செலவ யாரு சாமி கேட்டா? கொத்தமல்லி, சீரகம், மொளகு, அதத்தான் எங்கூருல செலவுங்கறது!”

“எங்க பக்கம் அது மசால் சாமான், மாமா.”

வெட்கம் பிடுங்கித் தின்றாலும் மனசு லேசாகிவிட்டது. சளிக்கு எங்கள் அம்மா வைக்கிற ரசமும் இதேதான், பெயர்தான் வேறு. மல்லி, மிளகு, சீரகத்தை வறுத்து, பூண்டும் சின்ன வெங்காயமும் சேர்த்து அரைத்துக் கொதிக்கவிட்டேன். வாசம் கிளம்பியதும் மாமனார் அடுப்படி வாசலுக்கே வந்து நின்றுகொண்டார்.

சோற்றில் ஊற்றி இரண்டு தடவை சாப்பிட்டார். அதுவும் போதாமல் உள்ளங்கையில் ஊற்றச் சொல்லிக் குடித்தார். அப்போது அவர் போன் அடித்தது. செல்லாத்தாள்தான். எச்சில் கை என்பதால் ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

“சாப்புட்டாச்சுங்களா?”

“ஆச்சு. ரசம்.”

“செலவு நல்லாப் போட்டிருந்தாளாங்க?”

நீயே சொல் என்று மாமனார் எனக்குக் கண்ணைக் காட்டினார்.

“நெறையாப் போட்டிருக்குதுங்க, அத்தை” என்றேன்.



“அப்ப உங்க மாமங்கிட்ட ஒரு தூக்குப்போசியில எனக்கும் ஊத்திக் குடுத்துடு கண்ணு” என்றார் அத்தை.