மடிப்புக் கலையாத நாவல்

எங்கள் வாசகர் வட்டத்துக்கு இதுவரை ஒரு மோசமான புத்தகம்கூட வந்ததில்லை. காரணம் எளிது: யாரும் யார் மனதையும் நோகடிக்க மாட்டோம். ஏழாம் வகுப்புப் படிக்கும் ஷைமா, நாய் பேயாக வரும் படக்கதை ஒன்றைச் சிபாரிசு செய்தாள். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் கிளாடிஸ், "நல்லாருந்துச்சு கண்ணு, சிந்திக்க வெச்சுது" என்றார். டீச்சர் மறந்து வைத்துவிட்டுப் போன மிக்ஸி கையேட்டை நான் கவனிக்காமல் எடுத்துப்போய், அடுத்த மாதம் "நடை எளிமையா இருந்துச்சுங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். டீச்சர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

மாதம் ஒரு ஞாயிறு, காந்திபுரத்தில் ரசாக் பாயின் ஜவுளிக்கடை மாடியில் கூடுவோம். ஜமுக்காளம் அவருடையது, டீயும் அவருடையது. பதிலுக்கு அவர் எங்களிடம் கேட்டது ஒரே ஒரு விஷயம்.

அவரிடம் ஒரு நாவல் இருந்தது. 'கலங்கரையில் நாற்பது மழைக்காலம்.' செங்கல் அளவு கனம். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிப் படித்ததாம். அன்றிலிருந்து அதன் முடிவைப் பற்றி யாரோடாவது பேச வேண்டும் என்று தவிக்கிறார். பேச ஆள் கிடைக்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் கனத்தைப் பார்த்ததுமே கொட்டாவி.

வட்டத்தில் அது வரிசையாகச் சுற்றியது.

"முடிவு எப்படிங்க டீச்சர்?"

"முடிவா? அருமைங்க பாய்."

"உனக்கு தம்பி?"

"உலகத்தரமுங்க" என்றேன் நான். பதினோராம் பக்கம் வரை அது உண்மையாகவே உலகத்தரம்தான். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

பாய் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பது வருடமாகத் துணி மடிப்பவர். எது பிரித்தது, எது பிரிக்காதது என்று தொட்டாலே தெரியும். பெட்டியிலிருந்து எடுக்காத வேட்டியைப் போல மடிப்புக் கலையாமல்தான் அது ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது.

போன மாதம் அதைப் பொள்ளாச்சி கொப்பரை வியாபாரி திருமலைசாமி அண்ணனிடம் கொடுத்துவிட்டு, மரியாதை குறையாமல் சொன்னார்: "ஏனுங்க, இந்தத் தடவையும் நல்லாருக்குன்னே வந்துச்சுன்னா நான் வட்டத்துல இருந்து வெலகிக்கறனுங்க. மாடி உங்களுதுதான், டீயும் வந்துரும். நான் கீழ கல்லாவுல உக்காந்துக்கறேன்."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க பாய்" என்று எல்லோரும் பதறினோம். ஆனாலும் அண்ணனிடமிருந்து அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்துவிடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்த ஞாயிறு அண்ணன் வந்தார். அவர் மனைவி அன்புச்செல்வி அக்காவும் உடன் வந்தார். அக்கா வட்டத்தில் உறுப்பினர் இல்லை. அவரை நாங்கள் பார்ப்பதே முதல் தடவை. செருப்பைக் கழற்றிய வேகமே சரியில்லை.

"நல்லாருந்துச்சுங்க பாய்" என்று அண்ணன் ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க. அட்டையத் தொறந்தீங்களா?" என்றார் அக்கா. "இதுல ரசாக் பாய் யாருங்க?"

பாய் எழுந்து நின்றார். "நானுங்க."

"நீங்க நல்லவரா இருக்கலாமுங்க. ஆனா இந்தப் புக்கை எப்படிங்க நாலு பேருக்குக் கொடுக்க மனசு வந்துச்சு? அந்தம்மா படகு ஏறி, மழையில நனைஞ்சு, கலங்கரை வாசல்ல வந்து நிக்குது. அந்தாளு மேல இருந்து பாத்துக்கிட்டே இருக்கறான். எறங்கி வந்தா என்னங்க? கால்ல சுளுக்கா? நான் அடுப்புல சாம்பாரை வெச்சுப்போட்டுப் படிச்சேன். சாம்பாரே போச்சு!"

கிளாடிஸ் டீச்சர் பதறிப்போய், "அம்மணி, கொஞ்சம் மெதுவா..." என்று கையமர்த்தினார்.

"இருங்க டீச்சர்" என்றார் பாய். "எங்க கடையில துணி நல்லாருக்குங்கன்னு சொல்றவங்க அடுத்த கடைக்குப் போறவங்க. உதறிப் பாத்து, ஓரம் பிரியுது, சாயம் போகுமான்னு வையறவங்கதான் எடுக்கறவங்க." அக்கா பக்கம் திரும்பினார். "உக்காருங்க. அவன் எறங்கியிருக்கக் கூடாதுங்க. எறங்கியிருந்தா வெளக்கு அணைஞ்சிருக்கும்."

"வெளக்கைக் கொளுத்திப்போட்டு எறங்கறது!"

"காத்து அடிக்குதுங்களே!"

"எட்டாவது அத்தியாயத்துல இதைவிடப் பெரிய காத்து. அப்ப மட்டும் மீன் வாங்க எறங்குனானே? மீனுக்கு எறங்குவான், பொண்டாட்டிக்கு எறங்க மாட்டானா?"

பாய் எட்டு வரை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அந்த மீன் அவர் கணக்கில் வந்ததே இல்லை போலும். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தோற்பவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத சந்தோஷம்.

டீ ஆறியது. நாங்கள் நாலு பேரும், கபடி பார்க்க வந்து விதி தெரியாமல் உட்கார்ந்தவர்களைப் போல, இங்கும் அங்கும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தோம். ஷைமா என் காதருகே வந்து, "என்ன மீனுண்ணா?" என்றாள். உலகத்தரம் என்று சொன்ன வாயால் தெரியாது என்று எப்படிச் சொல்வது? "பெரிய மீன்" என்றேன்.

ஒருவழியாகப் பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நேரமானது. அக்கா நாவலை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"அக்கா, அதை நான் ஒருக்கா..." என்று கை நீட்டினேன். டீச்சரும் நீட்டினார். ஷைமாவும் நீட்டினாள்.

"தரமாட்டனுங்க. அந்த எட்டாவதை மறுக்கா படிச்சுப்போட்டு வந்துதான் இவருக்குப் பதில் சொல்லோணும்."

பாய் படி வரை கூடவே போனார். "அடுத்த மாசம் கட்டாயம் வந்துருங்க" என்றார் அக்காவிடம். பிறகு திருமலைசாமி அண்ணனைப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"உங்களுக்கு வேலை இருந்தா பரவால்லீங்க."