பொருந்தாததை அடிக்கவும்

"முளை விட்டது கேழ்வரகு, டீச்சர்! கேழ்வரகு செடி. உங்க பிரிவுக்கே கொண்டு போங்க!"

"ஊத்தினது அயோடின், சார்! அயோடின் எந்தச் செடியில காய்க்குது?"

1989 நவம்பர், ஓசூர் அறிவியல் கண்காட்சி. கத்தியவர்கள் வேதியியல் நடுவர் வெள்ளைச்சாமியும் உயிரியல் நடுவர் ருக்மணியும். எங்கள் பக்கத்து வீட்டு அதியாவின் மேசை என்பதால் நான் நகரவில்லை. வேறு யார் மேசையாக இருந்தாலும் நகர்ந்திருக்க மாட்டேன்.

பத்தாம் வகுப்பு அதியா, கெட்டிக் கஞ்சியில் முளைகட்டிய கேழ்வரகு மாவைக் கலந்தாள். கஞ்சி இளகி இனித்தது. முளையிலுள்ள நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிவிட்டதாம். அதனால், மாவுச்சத்தை நீலமாக்கும் அயோடினை விட்டும் கஞ்சி நீலமாகவில்லை. முதல் பரிசு வாங்கினால் மெட்ராஸ் போகலாம். ஆனால் படிவத்தில் 'வேதியியல் / உயிரியல்: பொருந்தாததை அடிக்கவும்' என்றிருந்தது. எந்தப் பிரிவும் ஏற்காவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

இருவரும் அவளை அடுத்த பிரிவுக்குத் தள்ளிவிட்டதற்குக் காரணம் உண்டு, அவரவர் பிரிவின் பரிசுக்கு ஏற்கெனவே ஆள் இருந்தது. எரிமலை செய்த பையன் சாரின் மச்சினன் மகன். தெர்மாகோல் இதயம் செய்தவள் டீச்சரின் டியூஷன் பிள்ளை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

அதியா நோட்டிலிருந்து நியூஸ் பேப்பர் துண்டை எடுத்தாள். "போன மாசம் வேதியியலுக்கான நோபல் பரிசை, உயிரணுவுக்குள்ள நடக்கற வேலையைக் கண்டுபிடிச்சவங்களுக்குத்தான் கொடுத்திருக்காங்க சார்."

சார் படித்தார். முகம் மாறியது. "நோபலே சொல்லிட்டாங்க. இது எங்க பிரிவு!"

"உயிரணுன்னு போட்டிருக்கு, கண்ணு தெரியலையா? எங்களுது!"

இரண்டு பேனாக்கள் ஒரே படிவத்துக்கு நீண்டன. அதியாவின் அம்மா முனவர் பேகம், கேழ்வரகு முளைகட்டியவள், குறுக்கே கையை வைத்தாள்.

"நாங்க கடையில தெலுங்கு, பஸ்ல கன்னடம், வீட்டுல தமிழ். இதுல எதை அடிக்கச் சொல்றீங்க? ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க."

போட்டார்கள். அடிக்காத படிவம் ஓசூரில் முதல் பரிசு வாங்கி, மெட்ராஸ் போய் இரண்டாம் பரிசோடு திரும்பியது. எந்தப் பிரிவில் என்று அங்கேயும் எழுதவில்லை. எங்கள் தெருவே, அந்தக் கேழ்வரகைத் தானே முளைகட்டியது போல நெஞ்சை நிமிர்த்தி நடந்தது, நானும்தான்.

சார் மாற்றலாகி அஞ்செட்டிக்குப் போனார். அந்த மலையூருக்கு நேரத்தில் வராத பஸ்ஸைத்தான் இன்னும் திட்டுகிறாராம். டீச்சர் குருபரப்பள்ளி லாரிக்காரரைக் கட்டிக்கொண்டார். அதியா பெங்களூரில் உயிர்வேதியியல் படித்து, கூடப் படித்த மண்டியாக்காரரை மணந்து அங்கேயே தங்கிவிட்டாள். முனவரும் மகளோடு போய்விட்டாள். இப்போது அந்த வீட்டில் இருப்பவர்கள் சத்தமே போடுவதில்லை. சுவரில் காதை வைத்தும் பிரயோசனமில்லை.