தண்ணீர் படாத ரீல்

பல்செட்டுக்காரர் தன் தூண்டிலுடன் கரைக்கு வந்தால் ஏரி நாற்பது அடி பின்வாங்கிவிடும். முதன்முதலில் இது நடந்தது ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு. காற்று சுமார், வானம் மூட்டம். கரையில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த மீன்பிடிச் சங்கத்தார் ஆறு பேரும் தங்கள் மடக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு நாற்பது அடி முன்னால் போய்ப் போட்டுக்கொண்டார்கள். அவரும் சேற்றில் கால் புதையப் புதையப் பின்னாலேயே போனார். ஏரி இன்னொரு நாற்பது அடி போயிற்று. சங்கச் செயலாளர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டிராக்கை இறுக்கி வைத்திருப்பதுதான் காரணம் என்று தீர்ப்புச் சொன்னார். டிராக் என்பது தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீலில் இருக்கும், மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு இலகுவாக வெளியே போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் திருகு. அந்தச் சங்கத்தில் மீன் கிடைக்காததற்கும், மழை தவறியதற்கும், பொருளாளரின் மகள் பரீட்சையில் தேறாததற்கும் அதுதான் காரணமாக இருந்து வந்தது.

அந்த ரீல் வீட்டுக்கு வந்தது அதற்கு எட்டு மாதம் முந்தி; வாங்கிய கதை அதற்கும் முந்தியது. அவர் ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்களுக்குப் பல் செய்து கொடுத்து வந்தார். அரை மயிரிழை வித்தியாசத்தை விரல் நுனியில் கண்டுபிடிப்பவர். அந்த விரல்கள் ஒருநாள் ஒரு வெளிநாட்டு விலைப்பட்டியலைப் புரட்டின. புது ரீல் பழைய ரீலைவிடப் பத்து கிராம் எடை குறைவு. அந்தப் பத்து கிராம் இல்லாமல் இருப்பதற்காக விலை இரண்டு மடங்கு. இதை அவர் முழு நியாயமென்றே கருதினார். பதினோரு மாதம் காத்திருந்தார். அதில் ஆறு வாரம், பொருள் என்னவென்று முடிவுசெய்யச் சுங்க அதிகாரிகளுக்குத் தேவைப்பட்டது; கடைசியில் மருத்துவக் கருவி என்று எழுதி விடுவித்தார்கள். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி, அதற்குள் துணிப்பை, கண்மை டப்பா அளவில் ஒரு கிரீஸ் டப்பா, யாருக்கும் புரியாத மொழியில் ஒரு கையேடு. மனைவி எல்லாவற்றையும் எட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று கேட்டார். மனைவியின் தம்பி வந்து கையில் வாங்கி, கைப்பிடியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான்.

"அத்தான், இந்த விலைக்கு மீனே வந்து காலிங் பெல் அடிக்கணும்."

சங்கச் செயலாளர் மட்டும் மரியாதையாக இரண்டு கைகளாலும் வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுக்கும்போது, "தண்ணி படாம பாத்துக்குங்க சார், அது போதும்" என்றார். ரீலைத் தண்ணீரில் தவறவிட்டுவிட வேண்டாம் என்ற அர்த்தத்தில் அவர் சொன்னது அது. பல்செட்டுக்காரரோ சொன்னதைச் சொன்னபடி செய்பவர்.

ஞாயிறுதோறும் சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துண்டு விரியும். எழுபத்துமூன்று உதிரிகளும் கழற்றிய வரிசையில் அதன்மேல் படுத்திருக்கும். கண்ணில் பூதக்கண்ணாடி, பேரிங்குக்கு ஊசி முனையில் ஒரு சொட்டு எண்ணெய், பல்சக்கரத்துக்குக் கடுகளவு கிரீஸ். ரீல் எங்கும் போகவில்லை, எதையும் தொடவில்லை என்று மனைவி நினைவூட்டியபோது, காற்றில் ஈரம் இருக்கிறது என்று பதில் வந்தது. அதிலிருந்து அந்த அறையில் துவைத்த துணி காயப்போடக் கூடாது, கொதிக்கிற பாத்திரத்தோடு யாரும் கடந்துபோகக் கூடாது. மழைக்காலத்தில் வீட்டிலிருந்த ஒரே ஏ.சி. ரீலுக்காக ஓடியது, கணவனும் மனைவியும் கூடத்தில் விசிறிக்கடியில் படுத்தார்கள். எட்டு மாதம் இப்படி. தண்ணீருக்கும் ரோஷம் உண்டு என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. பிறகுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது.

அடுத்த மூன்று வருஷங்களில் அவர் மெல்லிய நரம்பு சுற்றித் தொண்ணூறு அடி எறியப் பழகினார். ஏரி நூறு அடி போகப் பழகியது. ஈயக் குண்டு ஒவ்வொரு முறையும் சேற்றில் பொத்தென்று விழுந்தது. சற்றுமுன்வரை தண்ணீர் இருந்த இடத்தில் மீன்கள் துள்ளிக்கொண்டு கிடக்க, முதலில் அவரைச் சங்கத்தை விட்டு நீக்கலாம் என்று பேசியவர்கள், பிறகு வாளியோடு வந்து அவர் வீட்டு வாசலில் நின்று வற்புறுத்திக் கூட்டிப்போனார்கள். அந்த வருஷத்தின் பெரிய மீனுக்கான பரிசு, அதைக் குனிந்து இரண்டு கைகளாலும் எடுத்த மருந்துக்கடைக்காரருக்குப் போயிற்று. அவருடைய பொறுமையைப் பாராட்டிச் செயலாளர் அரை மணி நேரம் பேசினார். பல்செட்டுக்காரர் ஒன்றைக்கூடக் குனிந்து எடுக்கவில்லை. அது மீன்பிடிப்பதில் சேராது என்றார். அடுத்த மழைக்கு நகராட்சிப் பொறியாளர் ஜீப்பில் வந்து, மடியில் ரீலோடு அவரைத் தெருத் தெருவாகக் கூட்டிப்போனார். முட்டளவு நின்ற வெள்ளம் மரியாதையாகச் சாக்கடைக்குள் இறங்கியது. அதற்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். வடிகால் கட்டுவதற்கு இருந்த திட்டத்தை, இனித் தேவையில்லை என்று மூடிவைத்தார்கள்.

நான்காவது வருஷம் தண்ணீர் வீட்டுக்குள்ளும் விலக ஆரம்பித்தது. அவர் குளியலறைக்குள் நுழைந்தால் குழாய் நின்றுவிடும். தேநீர் கோப்பையின் அந்தப் பக்கச் சுவரில் ஏறி ஒட்டிக்கொள்ளும். அவர் கோப்பையைத் திருப்பினால் அதுவும் திரும்பிக்கொள்ளும். தர்ப்பூசணித் துண்டு அவர் கையில் பஞ்சாகிவிட்டது. மனைவி அவர் தூங்கும்போது ஈரத் துணியால் உதட்டைத் தொட்டார். தொடுவதற்குள் துணி காய்ந்துபோயிற்று. வெறும் சோற்றில் இருந்த ஈரத்தை வைத்து அவர் எப்படியோ நாள் கடத்தினார், அதுவும் வேகமாக மென்றால்தான். மருத்துவமனையில் ஊசி குத்தி நீரேற்றப் பார்த்தார்கள். நீர் குழாயில் பாதி தூரம் இறங்கி, யோசித்து, மறுபடி புட்டிக்குள் ஏறிவிட்டது. டாக்டர் புட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு வேறு கம்பெனி புட்டி கொண்டுவரச் சொன்னார். அதுவும் ஏறியது. சிறுநீரகம் இரண்டும் சுருங்கி வருகின்றன, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.

மனைவிக்குக் காரணம் தெரிந்திருந்தது. ஒரு மத்தியானம் கணவர் கண்ணயர்ந்த நேரம், அண்டாவில் உப்புத் தண்ணீர் கரைத்து ரீலை உள்ளே போட்டார். தண்ணீர் இரண்டாகப் பிரிந்து ஓரங்களில் நின்றுகொண்டது; ரீல் அடியில் காய்ந்தபடி உட்கார்ந்திருந்தது. அவ்வளவு அருமையான பராமரிப்பு. அதைச் செய்தவரே கைவிட்டால்தான் வழி உண்டு என்று மனைவிக்கு அப்போது புரிந்தது. கணவர் எழுந்ததும் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஏங்க, இனிமே அதைத் திறக்காதீங்க. எண்ணெய் போடாதீங்க. அப்படியே விட்டுடுங்க."

"விட்டா பேரிங் போயிடும்."

"நீங்க போயிடுவீங்க."

அவர் அதையும் யோசித்தார். யோசித்தது முகத்தில் தெரிந்தது.

"அந்த பேரிங் இங்க கிடைக்காதும்மா."

"நீங்க மட்டும் கிடைப்பீங்களா?"

அன்று சாயங்காலம் மனைவி தனக்குக்கூட ஒரு கோப்பை தேநீர் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் தம்பி வந்து, சொம்பை நீட்டிக் கெஞ்சினான். அக்கா தாகமில்லை என்றுவிட்டார். வியாழன், வெள்ளி, சனி. அவர் கட்டிலில் படுத்தபடி, எதிர் நாற்காலியில் மனைவியின் உதடு வெடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மயிரிழை வித்தியாசம் காண்கிற கண்கள் அவை. ஒவ்வொரு வெடிப்பும் எந்த மணிக்கு வந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளைத் துண்டை எடுத்து வரச் சொன்னார். மனைவி கொண்டுவந்து விரித்தார். "மடிச்சு வச்சிடு" என்றார் கணவர். "அதைத் தூக்கி பால்கனியில வை. நீ மொதல்ல தண்ணி குடி."

மனைவி இரண்டு சொம்பு குடித்தார். ரீல் பால்கனிக்குப் போயிற்று. முதல் வாரம் பெய்த மழை பால்கனியை விட்டுவிட்டு மற்ற இடங்களில் பெய்தது. இரண்டாம் வாரம் சாரல் மட்டும் கைப்பிடியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. நான்காம் வாரம் நேராக அதன்மேலேயே ஒரு மணி நேரம் கொட்டியது. மறுநாள் காற்றில் கைப்பிடி மெல்லச் சுற்றியபோது, கட்டிலிலிருந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டார். அத்தனை ஊசிக்கும் அப்படி முகம் சுளித்தவரில்லை.

"கேக்குதா?"

"என்னது?"

"மூணாவது பேரிங். மண்ணு மாதிரி அரைக்குது."

பிறகு தண்ணீர் கேட்டார். டம்ளர் அவர் வாய்க்குப் போனபோது தண்ணீர் அசையாமல் இருந்தது. பாதி குடித்தார். மீதிப் பாதியை மனைவி குடித்தார்.

அதற்குப் பிறகு தண்ணீர் அவரிடம் தாராளமாக வந்தது. விலகியிருந்த வருஷங்களுக்கெல்லாம் சேர்த்து வந்தது. முதலில் பாதத்தில், பிறகு முழங்காலில், பிறகு முகத்தில். உடம்பில் நீர் கோத்திருக்கிறது, நாளொன்றுக்கு ஒரு டம்ளருக்கு மேல் தரக்கூடாது என்று அதே டாக்டர் அதே பேனாவால் எழுதினார். மனைவி அந்தச் சீட்டை மடித்து ஜன்னல் ஆடுகிற இடத்தில் செருகிவிட்டு, கேட்டபோதெல்லாம் கொடுத்தார். ஏழு மாதம் அவர் ஆசை தீரக் குடித்தார். குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்த நாட்களும் உண்டு. ஒரு செவ்வாய்க்கிழமை, குடித்த டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறந்துபோனார். தூக்கிச் சென்ற எட்டுப் பேர் வழியில் மூன்று இடத்தில் இறக்கி வைத்தார்கள். மனைவியின் தம்பி அன்று கிண்டல் எதுவும் செய்யவில்லை. அடுத்த வாரம் செயலாளர் வந்து துக்கம் விசாரித்துவிட்டு, ரீல் விலைக்கு வருமா என்று கேட்டார். கைப்பிடியைச் சுற்றிப் பார்த்ததும், டிராக் போய்விட்டது என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

கட்டில் கிடந்த இடத்தில் தரையில் அவர் நீளத்துக்கு ஓர் ஈரம் இருக்கிறது. வீட்டின் சொந்தக்காரர் அனுப்பிய பிளம்பர் இரண்டு முறை வந்து, நான்கு கல்லைப் பெயர்த்துப் பார்த்து, கீழே குழாயே இல்லை என்று சொல்லிவிட்டு மறுபடி பூசிவிட்டுப் போனார். மனைவி தினமும் காலையில் துடைத்துப் பிழிந்தால் அரை வாளி வரும். அதைச் செடிகளுக்கு ஊற்றுகிறார். வெயில் நாட்களில் பாயை அதன் பக்கத்தில் போட்டுப் படுத்துக்கொள்கிறார். ஏ.சி. போட வேண்டியிருப்பதில்லை.