தொண்ணூறு மீட்டர்

1

இந்தக் கதை நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியிலிருந்து வந்தது.

செவ்வாய்க்கிழமை குவோப்பியோ நகர மருத்துவமனையில் மருத்துவர் எல்லாவற்றையும் விளக்கினார். இடது சிறுநீரகத்தில் நான்கு சென்டிமீட்டர் கட்டி. பெரும்பாலும் புற்று. ரோபோவின் உதவியோடு எடுப்பார்கள். முடிந்தால் கட்டியை மட்டும், முடியாவிட்டால் சிறுநீரகத்தையே.

"ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். இன்று வியாழன். அறுவை நாளை காலை.

2

முதல் தொடக்கம்: ‘நான்கு கைகள் கொண்ட அந்த இயந்திரம் இருட்டில்’

அடித்துவிட்டேன். அது நல்ல வெளிச்சத்தில் நிற்கும். இருட்டு என்னுடையது.

இரண்டாம் தொடக்கம்: ‘ஊனோவுக்கு அறுபத்திரண்டு வயது. காட்டில் மரம் வெட்டும் இயந்திரம் ஓட்டுபவர். அவருடைய சிறுநீரகத்தில்’

இது நின்றது. ஊனோ கற்பனை. அவருடைய தொழில் என் கணவன் ஆர்மாஸுடையது. கட்டி என்னுடையது.

3

ஊனோ மருத்துவரிடம் கேட்கிறார்.

"மெஷின் தானா வெட்டுமா?"

"இல்ல, நான்தான் ஓட்டுவேன். என் விரல் போற மாதிரிதான் அது போகும். நான் விட்டா நின்னுடும்."

"நீங்க எங்க உக்காருவீங்க?"

"அதே ரூம்ல, மூணு மீட்டர் தள்ளி. உள்ள ஒரு கேமரா விடுவோம். அதுல பாத்துத்தான் ஓட்டுவேன்."

"எவ்வளவு அழுத்துறோம்னு கைக்குத் தெரியுமா?"

"தெரியாது. எங்க மெஷின்ல கண்ணாலதான் கணக்கு."

ஊனோவுக்கு இது பிடித்தது. மரத்தின் பாரம் அவர் கைக்கும் தெரியாது. அது சாயும் விதத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.*

* இந்தப் பதில்களெல்லாம் எனக்குக் கொடுத்த தகவல் தாளில் இருந்தவை. நான்கு முறை படித்தேன். கேள்வி ஊனோவுடையது ஆனபோதுதான் புரிந்தன.

4

ஆர்மாஸ் காப்பியோடு நின்றபடியே படித்தான்.

"இவன் மெஷின் ஓட்டுறவன் இல்ல."

"ஏன்?"

"ஓட்டுறவன் முதல்ல கேக்கறது, பக்கத்துல யாரு நிக்கறாங்கன்னு. தொண்ணூறு மீட்டருக்குள்ள ஆள் வந்தா நான் நிறுத்திடுவேன். மரம் அறுக்கிற செயின் அறுந்தா துண்டு தோட்டா மாதிரி பறக்கும்."

"அது காடு, ஆர்மாஸ்."

"மெஷின் மெஷின்தான். நாளைக்கு நான் உள்ள வரல. கார் நிறுத்துற இடத்துல நிக்கறேன். வரைபடத்துல அளந்துட்டேன். ஆபரேஷன் ரூம்லேர்ந்து தொண்ணூத்தி நாலு மீட்டர்."

"உன் மேல என்ன பறக்கப் போகுது, என் கிட்னியா?"

அவன் சிரிக்கவில்லை. முப்பது வருடமாகத் தெரியும். பயந்தால் அளப்பான்.

[இங்கே ஆர்மாஸைத் திருத்த ஒரு பத்தி எழுதினேன். எடுத்துவிட்டேன்.]

அவன் கணக்கு தவறு. கேள்வி சரி. செவ்வாயிலிருந்து என் மனதில் இருந்த படம் அதுதான்: நான் தூங்குகிறேன், மருத்துவர் எங்கோ திரையில் கண் பதித்திருக்கிறார், என்னைச் சுற்றித் தொண்ணூறு மீட்டருக்கு யாருமில்லை.

ஊனோவுக்கு நானே ஒரு பதில் எழுதலாம். நான் எழுதும் பதிலை நான் நம்பமாட்டேன்.

5

தகவல் தாளின் அடியில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. கேள்விகளுக்குப் பன்னிரண்டு முதல் ஒன்று வரை. மணி பன்னிரண்டு ஐம்பது.

ஒரு செவிலி எடுத்தார்.

"ஒரு கதை எழுதறேன்," என்றேன். "அதுல ஒருத்தருக்கு ரோபோ ஆபரேஷன். ஒரு சந்தேகம்."

"சந்தேகம் அவருக்கா, உங்களுக்கா?"

"அவருக்கு."

"சரி, அவருக்குன்னே வச்சுக்குவோம். கேளுங்க."

"டாக்டர் தள்ளி உக்காந்திருப்பார். படுத்திருக்கறவர் பக்கத்துல யாரு இருப்பா?"

"தலைமாட்டுல மயக்க டாக்டர். வயித்துப் பக்கம் ஒரு நர்ஸ். மெஷின் கையில கருவி மாத்தறது அவங்கதான்."

"எவ்வளவு தள்ளி?"

"தள்ளியா! இடுப்பு கட்டில்ல இடிக்கும். சில நேரம் மெஷின் கை நம்ம தலையிலயே தட்டும். குனிஞ்சுக்குவோம்."

"மெஷின் நின்னுபோச்சுன்னா?"

"அதக் கழட்டி ஒதுக்கிட்டு டாக்டர் வந்து கையால செய்வாங்க. அதுக்கு வேண்டிய கருவித் தட்டு பக்கத்துலயே இருக்கும். உங்க ஆளுக்கு எப்ப ஆபரேஷன்?"

"நாளைக்கு. ஏழே முக்கால்."

தாள் புரளும் சத்தம்.

"அப்ப நான்தான் நிப்பேன். என் பேரு விர்ப்பி. அவருகிட்ட சொல்லுங்க."

"சொல்றேன்."

"எதுவும் சாப்பிடாம வரச் சொல்லுங்க."

6

முடிவு ஒன்று: கட்டி மட்டும் போகிறது.

முடிவு இரண்டு: சிறுநீரகமும்.

முடிவு மூன்று: ‘ஊனோ கண் விழித்தபோது’

மூன்றையும் விட்டுவிட்டேன். அறுவை நடக்கும் அந்தச் சில மணி நேரம் ஊனோவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியப்போவதில்லை.

ஆர்மாஸிடம் சொன்னேன். "பக்கத்துலயே ஒருத்தி நிப்பாளாம். கட்டில்ல இடிக்கிற மாதிரி."

எதிரே உட்கார்ந்தான்.

"ஹெல்மெட் போட்டா?"

"துணித் தொப்பி."

"மெஷின் ஓடும்போதேவா?"

"ஓடும்போதேதான்."

எழுந்து கோப்பையைக் கழுவினான். கழுவியதையே மறுபடி கழுவினான்.

7

நாளை ஏழே முக்காலுக்கு நான் தூங்கிவிடுவேன். முடிந்ததும் மருத்துவர் ஆர்மாஸைத்தான் அழைப்பார். அப்போது அவன் எங்கே நிற்பான் என்று எழுத எனக்கு வழியில்லை.

நீங்கள் விழித்திருப்பீர்கள். முதலில் கார் நிறுத்துமிடத்தைப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் உள்ளே போய், அறுவை அறைக் கதவுக்கு அருகில் உள்ள நாற்காலியைப் பாருங்கள். அவன் அங்கே இருந்தால், எத்தனை மீட்டர் என்று கேட்காதீர்கள்.